யால்தாவில் நிகழ்ந்த களவு

காசநோயின் பொருட்டுக் கிரிமியாவின் யால்தா நகரில் குடியேறிய செகாவ், அந்நகரையே களமாகக் கொண்டு எழுதிய கதை ‘நாய்க்காரச் சீமாட்டி’. 1899 டிசம்பரில் வெளிவந்தது. மாஸ்கோ வங்கி அலுவலரான குரோவும், மாகாண நகரொன்றிலிருந்து வந்த அன்னாவும் விடுமுறையில் சந்திக்கின்றனர். இருவரும் மணமானவர், குரோவுக்கு மூன்று மக்கள்.

தில்லியில் நாங்கள் சில குடும்பத்தினர் கூடி இதனைப் படித்தபோது, அன்பரொருவர் இதனைக் ‘களவு’ என்றார். மற்றவர் ஒப்பவில்லை. நம் இலக்கணத்தில் களவு மணத்திற்கு முற்பட்டது. கற்பிற் சென்று முடிவது. அங்ஙனமாயின் பெருந்திணையில் தள்ளிவிடலாமோ? உரையாசிரியர் அதனைப் பொருந்தாக் காமம் என்பர். இவ்விருவரோ ஒருவருக்கொருவர் பொருந்தியவர். பொருந்தாதவை அவரவர் இல்லங்களே!

தன் நிலைக்கு நாணி அன்னா கலங்கி அமர்ந்திருக்க, குரோவ் தர்ப்பூசணியைக் கீறி மெல்லத் தின்கிறான். அரைமணி நேரம் பேச்சில்லை. இவ்விடத்தில் எங்கள் பெண்டிர் நகைத்தனர். ஆடவர் நகைக்கவில்லை.

எங்களைத் தைத்த இடம் வேறு. மாஸ்கோ திரும்பிய குரோவ், ஒரு திங்களில் மறந்துவிடுவோம் என்றெண்ணுகிறான். நினைவோ நாளுக்கு நாள் வளர்கிறது. சொல்ல ஆளின்றித் தவித்தவன், ஒருநாள் இரவு தன்னுடன் சீட்டாடிய அலுவலரிடம், யால்தாவில் அரியதொரு பெண்ணைக் கண்டதாக வாய் திறக்கிறான். வண்டியேறிய அம்மனிதர் திரும்பிக் கூறுவது, விருந்தில் உண்ட மீன் நாறியது என்பதே! பிறமொழியாளர் நடுவே வாழும் நமக்கு இது புதிதன்று. நெஞ்சிற் கிடப்பதைச் சொல்லத் தொடங்கினால், எதிரிலிருப்பவர் இன்று குழாயில் நீர் வந்ததா என்று கேட்பார்.

ஆயினும் மறைவுக்கு விலையுண்டு. மருத்துவரைக் காணப்போவதாகக் கணவனிடம் கூறிவிட்டு அன்னா மாஸ்கோ வருகிறாள். குரோவ் தன் மகளைப் பள்ளியில் விடச் செல்கிறான். பனி பெய்யும் காரணத்தை அவளுக்கு விளக்கியவாறே, அன்னா தங்கியுள்ள விடுதியை எண்ணி நடக்கிறான்.

“அந்தக் குழந்தைக்குத் தெரிந்தால்?” என்றார் எங்களுள் மூத்த மாமி ஒருவர். எவரும் விடையிறுக்கவில்லை. செகாவும் விடையிறுக்கவில்லை, மிகக் கடினமான பகுதி இனித்தான் தொடங்குகிறது என்னுமளவில் நிறுத்திவிடுகிறார். எங்களிற் பலர் மாமியின் பக்கமே நின்றோம். எனினும் அன்னாவைக் கைவிடுமாறு குரோவிடம் சொல்ல எவர்க்கும் நாவெழவில்லை.