மன்னிக்கப்பட்டவனின் கோபம்

எங்கள் சேகரத்தில் பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையின் முதல் வார்த்தை எனக்குத்தான் என்பது எழுதாத ஏற்பாடு. சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளை ஏழு பேருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். தாகத்தைப் பற்றியது ஒருவருக்கு, தாயை யோவானிடம் ஒப்படைத்தது இன்னொருவருக்கு என்று மற்றவை வருஷா வருஷம் கைமாறும். தம்மை ஆணியடித்தவர்களுக்காகப் பிதாவிடம் மன்னிப்புக் கேட்ட முதல் வார்த்தை மட்டும் மாறாது. மன்னிப்பைப் பற்றி வாத்தியார் பேசினால் கல்லும் கரையும் என்று ஊரில் பேர். இந்த வருஷம் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். தொண்டை சரியில்லை என்று போதகர் ஐயரிடம் சொன்ன காரணம் பொய்.

இந்த வாத்தியார் கூடப்பிறந்த தங்கையின் பங்கை வேத வசனம் சொல்லி எழுதி வாங்கியவன். அதை அவள் மன்னித்தாள் என்று தெரிந்தபோது அவள்மேலேயே கோபப்பட்டவன். இரண்டாவதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். முதலாவதைச் சொல்லாமல் அது விளங்காது.

அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். கிறிஸ்தவக் குடும்பத்துக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். அதில் மகனென்றும் மகளென்றும் பேதம் கிடையாது. இரண்டே பிள்ளைகள் என்றால் ஆளுக்குப் பாதி. சட்டம் அப்படி இருந்தாலும் எங்கள் பக்கத்து நடப்பு வேறு. நகை போட்டுக் கட்டிக்கொடுத்ததோடு பெண்பிள்ளையின் கணக்கு முடிந்தது என்பார்கள். எனக்கு வசதியாக இருந்த நடப்பைப் பிடித்துக்கொண்டு வீடு, ரோட்டோரத்து விளை, குளத்தடி வயல் மூன்றுக்கும் சேர்த்து ஒரு விடுதலைப் பத்திரம் தயார் செய்தேன்.

அவள் உடனே கையெழுத்துப் போடவில்லை. "அண்ணே, விளையில மட்டும் ஒரு பத்து சென்ட் குடுங்க. நாளைக்குப் பிள்ளைக்கு ஒரு வீடு கட்டணும்னா இடம் வேணும்லா" என்றாள். கேட்டது அவ்வளவுதான். பாதி கேட்கவில்லை. அவள் வீட்டுக்காரர் வக்கீலைப் பார்க்கப் போவதாகக் காதில் விழுந்ததும் நான் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம், ஆறாம் அதிகாரம். விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டு அந்நியர் முன்னால் நிற்பதைப் பவுல் கண்டிக்கிற பகுதி. வழக்காடுவதைக் காட்டிலும் அநியாயத்தையும் நஷ்டத்தையும் பொறுத்துக்கொள்வது மேல் என்கிற கருத்து ஏழாம் வசனத்தில் வருகிறது. அதை நிறுத்தி வாசித்தேன். புத்தகத்தை மூடினேன். குடும்ப ஐக்கியத்துக்காக ஜெபமும் பண்ணினேன். மறுவாரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டாள்.

எட்டாம் வசனத்தை நான் வாசிக்கவில்லை. ஏழில் நஷ்டப்பட்டவனைப் பார்த்துப் பேசிய பவுல், எட்டில் நஷ்டப்படுத்தியவன் பக்கம் திரும்புகிறார். நீங்களோ சொந்தச் சகோதரருக்கே அநியாயம் செய்து பறிக்கிறீர்களே என்று கேட்கிறார். ஏழு அவளுக்கு என்றால் எட்டு எனக்கு. வருஷக்கணக்காக வேதபாட வகுப்பு எடுத்தவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? என் விரல் அந்த வரியின்மேல்தான் இருந்தது.

பிறகு ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் வீட்டுக்காரர் நாலு பேர் காதுபட, "எங்க பங்கைத் தின்னுட்டு ஊருக்குப் பிரசங்கமா?" என்று கேட்டுவிட்டார். சோற்றில் கை வைத்தபடி குன்றிப்போனேன். ஆனால் அந்த ஒரு வாக்கியம் எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது இப்போதுதான் தெரிகிறது. அந்த நிமிஷத்திலிருந்து நான் அவமானப்படுத்தப்பட்டவன் ஆனேன். யார் பங்கை யார் தின்றது என்ற கேள்வி மறைந்து, யார் யாரைப் பந்தியில் பேசியது என்பது மட்டும் மிஞ்சியது. வீட்டு ஜெபக் கூட்டங்களில் அவரைப் பேர் சொல்லாமல் சாட்சி சொன்னேன். சபையார் முன்னிலையில் என்னைக் கேவலப்படுத்திய ஒருவரை முழங்காலில் நின்று மன்னித்தேன் என்றேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் அழுதேன். நடிப்பு என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன், நிஜமாகவே அழுகை வந்தது.

அந்தச் சாட்சியோடு கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மாவையும் சேர்த்துக்கொள்வது என் வழக்கம். ஒடிசாவின் பாரிபதாவில் தொழுநோயாளிகள் இல்லத்தை நடத்திவந்த அவருடைய கணவர் கிரகாமும், பிலிப், திமோத்தி என்ற இரண்டு பையன்களும் 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு கொளுத்தப்பட்டார்கள். மூத்தவனுக்கு 10 வயது, இளையவனுக்கு 6. கொன்றவர்களை மன்னிப்பதாக அந்த அம்மா சொன்னார். நாட்டை விட்டு ஓடவில்லை, இல்லத்தின் பணியைத் தொடர்ந்தார். இந்தியா 2005இல் பத்மஸ்ரீ கொடுத்தது. இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பந்தியில் கேட்ட பேச்சை மன்னித்த என் கதைக்கு வருவேன். அதன் பக்கத்தில் என் சாட்சியை வைக்க எனக்கு எப்படி நா கூசாமல் இருந்தது? இன்னொன்றும் உண்டு. மன்னிப்பு வேறு, செய்த குற்றத்துக்குச் சட்டப்படி வரும் விளைவு வேறு, இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்று அந்த அம்மா தெளிவாகப் பிரித்துச் சொன்னார். அந்தப் பாதியை மேடையில் நான் சொன்னதே இல்லை. எட்டாம் வசனத்தை விட்டவனுக்கு இதை விடுவது கஷ்டமா?

இயேசு சீஷர்களுக்கு ஜெபம் கற்றுக்கொடுத்த இடத்தை மத்தேயுவின் ஆறாம் அதிகாரத்தில் பாருங்கள். அப்பம், சோதனை, தீமை என்று விண்ணப்பங்கள் பல வருகின்றன. ஜெபம் முடிந்ததும் அவர் திரும்பப் போய் விளக்குவது ஒன்றே ஒன்றைத்தான்: பிறரை நீ மன்னித்தால் உனக்கு மன்னிப்பு உண்டு, மன்னிக்காவிட்டால் இல்லை. கிருபை இலவசம் என்று பேசிப் பழகிய எங்களைப் போன்றவர்களுக்கு இந்த நிபந்தனை தொண்டையில் சிக்கும். நான் இதில் வல்லவன். நாலு விதமாக விளக்குவேன். ஆனால் ஒரு அதிகாரம் முன்னால், பலிபீடத்தில் காணிக்கையோடு நிற்கிறவனைப் பற்றிய பகுதியை மட்டும் காலமெல்லாம் திருப்பிப் போட்டுப் பேசியிருக்கிறேன். உன் மனதில் யார்மேலாவது குறை இருந்தால் மன்னித்துவிட்டு வா என்பதாக. அந்தக் கருத்து வருவது மாற்கு பதினொன்றில். மத்தேயு ஐந்தில் காணிக்கையை வைத்துவிட்டு எழுந்து போகச் சொல்லப்படுகிறவன், தன்மேல் அடுத்தவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தவன். போய் மன்னிக்க வேண்டியவன் அல்லன் அவன். போய் நிற்க வேண்டியவன்.

பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரனின் உவமையிலும் இதே கூத்துதான். கணக்கு வாத்தியார் என்பதால் கரும்பலகை வைத்துப் பிரசங்கம் பண்ணியவன் நான். ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. அப்படியானால் ராஜா தள்ளுபடி செய்த கடன் 6 கோடி நாள் கூலி. ஒரு நாள்கூட ஓயாமல் உழைத்தாலும் 1,60,000 வருஷத்துக்கு மேல் பிடிக்கும். அவன் உடன் ஊழியக்காரனின் கழுத்தைப் பிடித்துக் கேட்டதோ 100 வெள்ளிப்பணம், ஆறு லட்சத்தில் ஒரு பங்கு. சபையார் வாயைப் பிளப்பார்கள். அந்த நூறும் லேசான காசு இல்லை, மூன்று மாதத்துக்கு மேற்பட்ட கூலி. மனுஷன் மனுஷனுக்கு இழைத்ததை இயேசு ஒன்றுமில்லை என்று தள்ளவில்லை என்றும் சேர்த்துச் சொல்வேன். நல்ல பிரசங்கம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். கடைசியில் என் தங்கையின் வீட்டுக்காரரை அந்த நூறுக்காரனாக மனதில் நிறுத்தி, தாராளமாகத் தள்ளுபடி செய்துவிட்டு மேடையிறங்குவேன். எங்கள் இருவருக்கும் இடையில் கடன் எந்தப் பக்கம் என்பதையே மாற்றி எழுதிவிட்டுத்தான் அந்தப் பெருக்கல் வகுத்தலெல்லாம்.

தங்கை வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி வீடு திரும்பியிருந்தபோது பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். ஊர் என்ன சொல்லும் என்பதற்காகவும்தான். வாசல்வரை வழியனுப்ப வந்த தங்கை, "அண்ணே, நீங்க அதையே மனசுல வச்சிட்டு வராம இருக்காதீங்க. நான் எப்பமோ மன்னிச்சிட்டேன்" என்றாள்.

"எதை?"

"பங்கு விஷயத்தைத்தான்."

குத்திக்காட்டும் குரல் அல்ல. சாப்பிட்டுவிட்டுப் போங்க என்பதைப்போலச் சொன்னாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உடம்பு பற்றி எரிந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், "இவ யாரு என்னை மன்னிக்க? நான் என்ன திருடிட்டேனா?" என்று கத்தினேன். அவள் பதில் பேசவில்லை. அந்த மௌனத்துக்காக அவளிடமும் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

அந்தக் கோபத்தை வெகுநாள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். அவள் சண்டை போட்டிருந்தால் சமாளித்திருப்பேன். சட்டம், நடப்பு, நகைக் கணக்கு என்று பதில் கையில் இருந்தது. வழக்குப் போட்டிருந்தால் இன்னும் நல்லது, உலகப்பிரகாரமானவள் என்று சொல்லியிருக்கலாம். மன்னித்துவிட்டேன் என்றதும் குற்றம் ஒன்று நடந்தது என்பது முடிவாகிவிட்டது. விசாரணை இல்லை, வாதம் இல்லை, தண்டனையும் இல்லை, தீர்ப்பு மட்டும் என் மடியில். உயிர்த்தெழுந்த இயேசு ஏரிக்கரையில் பேதுருவைப் பார்த்து, என்னை நேசிக்கிறாயா என்று மூன்று தரம் கேட்டதாக யோவான் எழுதியிருக்கிறார். மூன்றாம் தரம் கேட்டபோது பேதுரு வருத்தப்பட்டான் என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. மூன்று தரம் மறுதலித்தவன் வருத்தப்படக் காரணம் உண்டு. பேதுரு எழுந்து போய்விடாமல் அங்கேயே நின்றான். நான் பஸ் ஏறினேன்.

நான் ஞாயிறுதோறும் பாவ அறிக்கை சொல்கிறவன்தான். சபையோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதில் யாருடைய பத்து சென்ட்டும் வராது. எங்கள் பக்கத்திலிருந்து தூரமில்லாத புன்னைக்காயலில் இருந்துகொண்டு ஊழியம் செய்த போர்த்துகீசியப் பாதிரியார் என்றிக்கே என்றிக்கசு, பாவசங்கீர்த்தனம் செய்யக் கற்றுக்கொடுக்கும் ஒரு தமிழ்ப் புத்தகத்தை 1580இல் அச்சிட்டார். கொம்பெசியொனாயரு என்று பேர். தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகமான தம்பிரான் வணக்கத்துக்கு இரண்டே வருஷம் பின்னால். தமிழில் அச்சு வந்த கையோடு, பாவத்தைத் தனித்தனியாக வாய்விட்டுச் சொல்லப் பழக்கியிருக்கிறார்கள். குருவிடம் போய்ச் சொல்வது ரோமன் கத்தோலிக்கர் வழக்கம், நமக்குத் தேவன் நேரடி என்று நான் சண்டே கிளாஸில் கேலியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நேரடி என்பது எனக்கு யாரிடமும் சொல்லாமல் இருக்க ஒரு வழியாக இருந்தது.

கத்தோலிக்கரை விடுங்கள், எங்கள் முன்னோர் கையில் வைத்திருந்த 1662ஆம் ஆண்டின் இங்கிலாந்து சபை ஜெபப் புத்தகமே திருவிருந்துக்கு வருகிறவனை எச்சரிக்கிறது: அயலானுக்குத் தீங்கு செய்திருந்தால் முடிந்த மட்டும் ஈடுசெய்யத் தயாராக வா, இல்லாவிட்டால் இந்த விருந்து உனக்கு ஆக்கினைதான் என்கிற பொருளில். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனின் மனந்திரும்புதல் பாவனை என்று அகஸ்டின் மக்கெதோனியு என்பவருக்கு ஒரு கடிதத்தில் எழுதினார். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகத் தன் வாயாலேயே சொன்னான். அது கிரியை, இரட்சிப்பு கிருபையால் என்று இதற்கெல்லாம் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. லூத்தரை என் விளைக்குக் காவல் வைத்திருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த லூத்தரின் வழிவந்த ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர்தான் மனந்திரும்புதல் கேட்காத மன்னிப்பை மலிவான கிருபை என்று 1937இல் எழுதியவர். அந்தப் புத்தகம் என் அலமாரியில், அடிக்கோடு போட்டு இருக்கிறது.

விளை போய்விட்டது. ரோடு அகலமானபோது மனைகளாக விற்றேன், பணம் மகனின் சென்னை வீட்டில் இருக்கிறது. மிச்சம் பழைய வீடும் வயலும். வீட்டைத் தங்கை பேருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதுவது என்று ஒருவழியாக முடிவு பண்ணி, பத்திர எழுத்தரிடம் வரைவும் வாங்கிவிட்டேன். அதை மகனிடம் சொன்னபோது அவன் பதறவில்லை, நிதானமாகவே கேட்டான்: "அத்தைதான் மன்னிச்சிட்டாங்கல்லா, அப்புறம் எதுக்குப்பா?"

அவனுக்குச் சண்டே கிளாஸ் எடுத்தவன் நான். சகேயுவைச் சொன்னேன். அவன் கிருபையைச் சொன்னான், என்னைவிட நன்றாகவே சொன்னான். அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கிறிஸ்தவர்களிடத்தில் தகப்பனுக்கு வாரிசாக வந்த சொத்தில் பிள்ளைக்குப் பிறப்புரிமை கிடையாது. எழுதிக்கொடுக்க அவன் சம்மதமோ கையெழுத்தோ எனக்குத் தேவையே இல்லை. தங்கையிடம் மட்டும், அவன் ஒத்துக்கொள்வதற்காகத்தான் காத்திருக்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.