கடைமடையும் குடகு மலையும்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடிக்குச் செல்லும் ரஸ்தாவில் வடக்கு நோக்கிப் போனால், சிறிது தூரத்திலேயே கோட்டுச்சேரி வந்துவிடுகிறது. சுற்றிலும் நெல் வயல்கள். கிழக்கே கோட்டுச்சேரிமேட்டு மீனவர் குடியிருப்பு. அதற்கப்பால் வங்காள விரிகுடா. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு குன்று கிடையாது. 1954-ஆம் ஆண்டு வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. பிறகு கொடி மாறிற்று; தண்ணீர் வரும் வழி மட்டும் மாறவில்லை. அன்றும் காவேரியின் கடைமடை, இன்றும் கடைமடை.

இப்படிப்பட்ட ஊருக்கு வந்து நாம் மலையைப் பற்றிப் பேசினால் நேயர்கள் நகைக்கக் கூடும். ஆயினும் இவ்வூரார் உண்ணும் அன்னம் குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழையையே நம்பியிருக்கிறது. தலைக்காவேரியில் பிறக்கும் ஆறும், வயநாட்டுக் கபினியும் கலந்து வந்து மேட்டூரை நிரப்பினால்தான் இங்கே வாய்க்கால் நனையும். காரைக்காலின் பங்கு 7 டி.எம்.சி., அதாவது 700 கோடி கன அடி, என்று 2007-ல் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. மேகம் அந்தத் தீர்ப்பைப் படித்ததாகத் தெரியவில்லை.

2024-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். வழக்கப்படி ஜூன் 12-ந் தேதி திறக்கவேண்டிய மேட்டூர் அணை, தண்ணீரின்றி மூடியே கிடந்தது. ஆற்றை நம்பிய குறுவைக்குக் காலம் தப்பிற்று. பிறகு மலையில் மழை கொட்டியது. ஜூலை 28-ல் அணை திறந்தது. இரண்டே நாள் கழித்து, ஜூலை 30 அதிகாலையில், வயநாட்டு முண்டக்கையிலும் சூரல்மலையிலும் மலை சரிந்து 250-க்கு மேற்பட்டோர் மாண்டனர். நமக்கு நீர் தந்த அதே பருவமழைதான் அவர்களுடைய உயிரைக் கொண்டுபோயிற்று.

இது ஒரு வருஷத்துக் கதையன்று. 2018 ஆகஸ்டில் குடகில் மலைச்சரிவுகள் நேர்ந்து ஆயிரக்கணக்கானோர் முகாம்களில் தங்கினர். அதே மாதம் முக்கொம்பில் கொள்ளிடத்து மதகுகள் உடைந்து, பெருவெள்ளம் கடலுக்கு ஓடிற்று. 2020 ஆகஸ்டு 6-ல் தலைக்காவேரியிலேயே மலை இடிந்து, கோவில் அர்ச்சகரின் வீடு மண்ணில் புதைந்தது. அன்றிரவே மூணாற்றையடுத்த பெட்டிமுடியில், தேயிலைத் தோட்டத் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர் 70 பேர் பலியாயினர்.

காரணம் என்ன? பூமியின் உஷ்ணம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு அதிகமாக நீராவியைத் தாங்கும். ஆகவே பல நாள் பரவிப் பெய்யவேண்டிய மழை சில மணி நேரத்தில் கொட்டிவிடுகிறது. அதை உறிஞ்சி வைத்துக் கோடையில் கசியவிடும் காடுகளோ குறைந்துவிட்டன. ரஸ்தாவுக்கும் விடுதிகளுக்குமாகச் சரிவுகளை வெட்டியதில் மண் பிடிப்பிழந்தது.

நமது காலைக் காப்பியும் இதற்கு விலக்கல்ல. இந்தியக் காப்பியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குடகில் விளைகிறது. மார்ச், ஏப்ரலில் பூ மழை தவறினால் செடி பூக்காது. அறுவடையில் மழை பெய்தால் களத்தில் காயும் பழம் கெடும். தோட்டக்காரருக்கு நஷ்டம், கூலிக்காரருக்கு வேலையில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க 2011-ல் மாதவ் காட்கில் குழுவும், 2013-ல் கஸ்தூரிரங்கன் குழுவும் யோசனைகள் கூறின. மலைவாசிகள் பலர் அவற்றை எதிர்த்தார்கள். அவர்களைக் குறை கூறுவது சுலபம். தமது நிலத்தில் வீடு கட்டவும் பயிர் மாற்றவும் தடை வருமோ என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். காட்டைக் காக்கும் கஷ்டமெல்லாம் அவர்களுக்கு, அதன் நீரெல்லாம் சமவெளிக்கு என்றால் எவர்தான் சம்மதிப்பார்?

கோட்டுச்சேரி வயலுக்கு 7 டி.எம்.சி.யில் உரிய நீரைக் கேட்பது நியாயமே. அந்த நீரைப் பிறப்பிக்கும் காட்டைக் காக்கும் செலவிலும் நமக்கு ஒரு பங்குண்டு என்று ஒப்புக்கொள்வதும் அதே அளவு நியாயமாகும்.