முதற்பந்தியா, இரண்டாம் பந்தியா?

சிங்கப்பூரில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள், ஊரிலிருக்கும் பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் வரவழைத்து, உல்லாசக் கப்பலில் மூன்று நாள் நான்கு நாள் கடற்பிரயாணம் அழைத்துச் செல்வது இப்போது நம்மவரிடையே பரவிவரும் வழக்கமாகும். அவ்வாறு அழைக்கப்பெறும் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு செய்தி சொல்லக் கருதுகிறோம். பாஸ்போர்ட், விசா, அறை ஆகிய பெரிய காரியங்கள் யாவும் முடிந்தபின், பதிவின் கடைசியில் ஒரு சிறு கேள்வி நிற்கும். இரவு உணவு உமக்குக் குறித்த நேரத்தில் வேண்டுமா, விரும்பிய நேரத்தில் வேண்டுமா என்பதே அது. ஏதேனும் ஒன்றில் குறியிட்டு மேலே செல்வோர் பலர். நம் வீட்டிலோ இக்கேள்வி ஒரு வாரத்துக்கு மேல் விவாதத்தில் இருந்தது.

முதலில் முறையைச் சொல்லிவிடுவோம். பெரிய கப்பலில் சில ஆயிரம் பிரயாணிகள் இருப்பர். அத்தனை பேரும் ஒரே வேளையில் அமர உணவு மண்டபத்தில் இடமில்லை. ஆகவே குறித்த நேரத்து முறையில் இரண்டு பந்திகள். முதற்பந்தி மாலை ஆறு மணியை ஒட்டியும், இரண்டாம் பந்தி இரவு எட்டு, எட்டரை மணியை ஒட்டியும் நடைபெறும். உமக்கென்று ஒரு மேஜை. பிரயாணம் முடியும்வரை அதே மேஜை, அதே பரிசாரகர், அருகில் அதே முகங்கள். முதற்பந்தியார் உண்டபின் நாடகக் கொட்டகைக்குச் செல்வர். இரண்டாம் பந்தியார் ஆட்டத்தைக் கண்டுவிட்டு உண்ண வருவர். கலியாண வீட்டில் பந்தி பார்த்துப் பழகிய தமிழனுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. இலையை எடுத்து மேஜையைத் துடைக்கும்வரை பின்னால் நின்று நாற்காலியைப் பிடித்துக்கொள்ளும் அவசரம் ஒன்றுதான் அங்கே கிடையாது.

மற்றொன்று ஓட்டல் முறை. பசித்தபோது போகலாம். இடம் இருந்தால் உடனே அமரலாம்; இல்லையேல் வாசலில் காத்திருக்க வேண்டும். சில கப்பல்களில் அன்றன்று நேரம் சொல்லி முன்பதிவும் செய்துகொள்ளலாம். மேஜை ஒருநாள் இங்கே, மறுநாள் அங்கே. பரிசாரகரும் பெரும்பாலும் மாறிக்கொண்டிருப்பார். நார்வீஜியன் என்னும் கப்பல் கம்பெனி 2000-ஆம் ஆண்டில் ‘பிரீஸ்டைல்’ என்று பெயரிட்டு இதனையே தன் சிறப்பாக விளம்பரம் செய்தது. பின்னர் மற்றக் கம்பெனிகளும் வெவ்வேறு பெயர்களில் இதனை மேற்கொண்டன. நம் பாட்டன்மார் காலத்தில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய ரஜூலாக் கப்பலில், மேல்தட்டில் பாய் விரித்துச் சென்றவர்களை இப்படி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

நமக்கு ரேணிகுண்டாவில் இரயில்வே குமாஸ்தா உத்தியோகம். மெட்ரிகுலேஷனோடு படிப்பு முடிந்தது; அதன்பின் படித்ததெல்லாம் கால அட்டவணையே. ஆகையால் இவ்விஷயம் நம் தொழிலை ஒட்டியதாகவும் பட்டது. ஒரு காலத்தில் நெடுந்தூர வண்டிகள் பெரிய ஜங்ஷன்களில் உணவுக்கென்றே நின்றன. பிரயாணிகள் இறங்கிப்போய்ச் சிற்றுண்டிச்சாலையில் உண்டுவிட்டு, விசில் ஊதுமுன் திரும்பி வந்தார்கள். அது பந்தி முறை. பிறகு வண்டியிலேயே சமையற்பெட்டி வந்தது. இன்றோ, முன்னதாகவே கைப்பேசியில் சொல்லிவிட்டால் ரேணிகுண்டாவில் ஆசனத்துக்கே பொட்டலம் வந்து சேருகிறது. வசதிதான், ஐயமில்லை. ஆயினும் ஒரே பெட்டியில் எதிரெதிரே அமர்ந்த ஒரு குடும்பத்தில், மகன் பிரியாணியை முடித்துக் கை கழுவி வந்தபிறகே தகப்பனாருக்கு இட்லி வந்து சேர்ந்ததையும் கண்டிருக்கிறோம்.

நம் குடும்பத்தின் நிலையைச் சொன்னால்தான் விவாதம் விளங்கும். தாய் தந்தையர் இருப்பது பாலசமுத்திரத்தில். சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். நாமும் மனைவியும் மக்கள் இருவரும் ரேணிகுண்டாவில். தங்கையும் மாப்பிள்ளையும் இரண்டு வயதுக் குழந்தையும் சிங்கப்பூரில். ஆக ஒன்பது பேர். சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு பினாங்கும் புக்கெட்டும் கண்டு திரும்பும் நான்கு இரவுப் பிரயாணம். செலவு முழுவதும் மாப்பிள்ளையுடையது. ஆனாலும் உணவு நேரத்தைப் பற்றி எல்லாரையும் கேட்டுத்தான் முடிவு செய்யவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நல்ல மனிதர், அதனால் வந்த வினை.

தங்கை, விரும்பிய நேரமே வேண்டும் என்றாள். அவள் சொன்ன காரணம் வலுவானது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதற்கு இரண்டரை மணி முந்தியது. கப்பலில் மாலை ஆறு என்றால் பாலசமுத்திரத்தில் பிற்பகல் மூன்றரை. கழனியில் வேலை செய்து பழகி, விளக்கு வைத்தபின் ஏழு மணிக்கு உண்ணும் தந்தையாருக்கு மூன்றரை மணிக்கு இரவு உணவா? இரண்டாம் பந்தி எட்டரை என்றால் நமக்கு ஆறு, அது பரவாயில்லை. ஆனால் அவள் குழந்தை சிங்கப்பூர் நேரம் எட்டு மணிக்கே உறங்கிவிடும். தாத்தாவின் வயிறு ஒரு தீர்க்கரேகையிலும் பேரனின் வயிறு வேறொரு தீர்க்கரேகையிலும் இருந்தன. இந்தியப் பொது நேரம் 1906-இல் வருமுன் நாட்டு இரயில்களுக்கெல்லாம் சென்னை நேரமே நேரமாக இருந்தது. ஊருக்கு ஊர் வேறு கடிகாரம் ஓடினும் வண்டிக்கு ஒரே கடிகாரம். குடும்பத்துக்கு அப்படி ஒன்று ஏற்பட்டால் நலம் என்று நாம் கூறினோம். எவரும் சிரிக்கவில்லை.

தந்தையார் விஷயத்தில் இன்னொரு கவலையும் இருந்தது. அவருக்கு நீரிழிவு, உணவுக்குச் சற்று முன்பு இன்சுலின் ஊசி. ஊசியைப் போட்டுக்கொண்டு போய் வாசலில் அரைமணி காத்து நின்றால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரக்கூடும். இருவர் மூவருக்கு மேஜை எளிதில் கிடைக்கும். ஒன்பது பேருக்கு ஒரே மேஜை வேண்டுமென்றால் காத்திருக்க நேரும். குறித்த பந்தியில் இந்தச் சங்கடம் குறைவு. மேஜை நமக்காகக் காத்திருக்கும். ஊசியும் மாத்திரையும் உள்ளவர்கள் வேற்று நேரத்தில் எப்போது எடுத்துக்கொள்வது என்பதை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தந்தையாரிடம் மருத்துவர் சொன்னது, தட்டு கண்ணுக்குத் தெரிந்தபின் ஊசி என்பது.

இவ்வளவும் பேசி முடிந்த பிறகே நம் மனைவி வாய் திறந்தார். “அத்தை எப்போது சாப்பிடுவார் என்று ஒருவரும் கேட்கவில்லையே” என்றார்.

கேட்கவில்லைதான். கேட்க வேண்டியதாக ஒருவருக்கும் தோன்றாத கேள்வி அது. தாயார் எப்போதும் கடைசியில் உண்பவர். தந்தைக்கு, நமக்கு, வந்த விருந்துக்கு, கூலியாளுக்கு எல்லாம் போட்டபின், பாத்திரத்தில் இருப்பதை அடுப்பங்கரையிலேயே அமர்ந்து உண்டு எழுவார். அவர் நம்மோடு வரிசையில் அமர்ந்து உண்டதாக நமக்கு நினைவில்லை. தங்கையின் கலியாணத்தில்கூட மூன்றாம் பந்திக்குப் பிறகே அவருக்கு இலை விழுந்தது. விரும்பிய நேரம் என்று குறியிட்டால் நடக்கப்போவது இன்னதென்று மனைவி விளக்கினார். குழந்தைக்கு ஊட்ட ஆறு மணிக்கு அத்தை உடன் போவார், உண்ணமாட்டார். எட்டரைக்கு மாமாவோடு இன்னொரு முறை போவார். அதற்குள் குழந்தை அழுதால் அறைக்குத் திரும்பிவிடுவார். “நீங்கள் எல்லாரும் சாப்பிடுங்கள், நான் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்” என்பார். கப்பலில் எந்நேரமும் ஏதேனும் உணவு கிடைக்குமாதலால் அந்த ‘அப்புறம்’ வரவே வராது. எந்நேரமும் கிடைக்கும் சோறு எந்நேரமும் தள்ளிவைக்கக்கூடிய சோறாகும். மேஜையில் அவருக்கென்று எண்ணிட்ட நாற்காலி இருந்தால் அது காலியாகத் தெரியும் என்றார்.

தங்கை தொலைபேசியில் சற்று நேரம் பேசாதிருந்தாள். பிறகு, குழந்தைக்கு ஏழு மணிக்கே பொது உணவுச்சாலையில் ஊட்டிவிடுவதாகவும், உறங்கினால் தள்ளுவண்டியில் மேஜையருகே கொண்டுவந்து வைத்துக்கொள்வதாகவும் சொன்னாள். இரண்டாம் பந்தி என்று முடிவாயிற்று.

ஒரு நுணுக்கம் இங்கே சொல்லவேண்டும். நம் குடும்பத்துக்கு மூன்று அறைகள், மூன்று பதிவு எண்கள். எண் வேறானால் மேஜையும் வேறாகிவிடக்கூடும். மாப்பிள்ளை முன்னதாகவே எழுதி மூன்றையும் இணைக்கச் சொன்னதால் ஒன்பது பேருக்கும் ஒரே மேஜை கிடைத்தது. சைவ உணவையும் அப்போதே தெரிவிப்பது நன்று.

முதலிரவு தாயார் நாற்காலியின் விளிம்பில்தான் அமர்ந்திருந்தார். தந்தையின் தட்டு வந்ததும், பரிமாறப் பழகிய கை சும்மா இராமல், எழுந்து கறியை எடுத்து வைக்கப் போனார். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பரிசாரகர் ஒருவர் விரைந்து வந்து, அம்மா அமரட்டும் என்று கையால் காட்டினார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. தாயார் தயிர் கேட்கவேண்டும் என்று நம் மூலம் சொன்னார், வந்தது. இரண்டாம் இரவு கேளாமலே தயிர் வந்தது. பரிசாரகர் மாறாதிருப்பதன் பயன் இதுவே. அன்றிரவு தாயார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்து, பாலசமுத்திரத்தில் தாம் மருமகளாக வந்த ஆண்டில் ஏரி உடைந்த கதையைச் சொன்னார். நாம் முப்பது வயதுக்கு மேல் கேட்ட கதை அது. அடுக்களையில் தனியே உண்பவர் கதையை யாரிடம் சொல்வது?

குறித்த பந்தியில் குறை இல்லையென்று சொல்லமாட்டோம். புக்கெட்டில் கரையேறிச் சுற்றிவிட்டு வந்த நாளில் பிள்ளைகள் இருவரும் சோர்ந்து உறங்கிவிட்டனர். அன்று நாமும் மனைவியும் பந்திக்குப் போகாமல் பொது உணவுச்சாலையில் எதையோ உண்டோம். போகாததற்கு யாரும் தண்டம் வாங்கவில்லை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி பிந்தியது. கைப்பேசி தானாகவே கரையின் நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ தன் நேரத்தை மாற்றினாலும் மாற்றும், மாற்றாவிட்டாலும் விடும். கப்பலில் அறிவிக்கும் நேரத்தை நம்பிக் கைக்கடிகாரத்தை வைத்துக்கொள்க. பந்தி தவறினால் வேறு சோறு உண்டு; கப்பல் தவறினால் பெருஞ்செலவு. கைக்குழந்தையோடு கணவனும் மனைவியுமாக இருவரே செல்வதானால், விரும்பிய நேரமே ஏற்றது என்பதும் நம் கருத்து. இருவருக்கு மேஜை எளிது. குழந்தைக்கோ கால அட்டவணை கிடையாது.

ஊர் திரும்பிச் சில மாதங்களாயின. தாயார் பாலசமுத்திரத்தில் முன்போலவே கடைசியில்தான் உண்கிறார். ரேணிகுண்டாவுக்கு வரும்போது மட்டும் மனைவி தட்டுகளை ஒருங்கே வைத்துவிட்டு, “அத்தை, இரண்டாம் பந்தி” என்று அழைப்பார். நமக்கு இரவுப்பணி இல்லாத வாரமாயின் எட்டு மணிக்கு எல்லாரும் அமர்கிறோம். தாயார் ரசப் பாத்திரத்தை மட்டும் தம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்கிறார்.