இருட்டுக் கேட்கும் கள்ளி

சூரிச் பூர்க்லிபிளாட்ஸில் பஸ் ஏறினால், ஏரிக்கரையோடு கொஞ்சத் தூரத்தில் 'சுக்குலென்டன் சம்லுங்' வந்துவிடும். 1931 முதல் இருக்கிற, சூரிச் நகரத்தின் கள்ளித் தோட்டம். நுழைவு இலவசம். குளிர்நாளில் பிள்ளைகளோடு போக நல்ல இடம்.

கள்ளி என்றால் எங்கள் பெற்றோர் சொன்ன ஊர் நாகதாளியும் வறண்ட மண்ணும்தான் நினைவுக்கு வரும். அங்கே மரத்தில் ஒட்டி வளரும் கள்ளிகளும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்த என் மகள், "அம்மம்மான்ர சன்னலில இருக்கிற மாதிரியெல்லோ! முள்ளே இல்லை, இது எப்பிடிக் கள்ளி?" என்று கேட்டாள்.

நவம்பரில் இங்கே கடைகளில் விற்கும் 'வைனாக்ட்ஸ்காக்டுஸ்', கிறிஸ்மஸ் கள்ளி, அந்த வகைதான். சொந்த ஊர் பிரேசிலின் தென்கிழக்கு மலைக்காடு. அங்கே குளிர்ந்த ஈரக் காற்றில் மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் வளரும். இலை போலத் தெரிவது உண்மையில் தண்டு.

பிரேசிலில் இதற்கு 'மே மலர்' என்று பெயர். அங்கே இரவு நீளத் தொடங்கும் காலத்தில் பூக்கும். இங்கே இரவு நீளுவது ஒக்டோபரில், அதனால் பூவும் நவம்பர், டிசம்பரில். கலண்டர் மாறினாலும் செடி பார்ப்பது இரவின் நீளத்தைத்தான்.

அம்மாவின் செடி பல வருடம் பூக்கவே இல்லை. தண்ணீர், உரம் எல்லாம் கிடைத்தது. குளிரக் கூடாது என்று ஹைட்சுங்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தா. அப்பா ரெஸ்ரோரண்ட் வேலை முடிந்து வர நடுச்சாமம் ஆகும். அதுவரை ஹோலில் லைற் எரியும். அப்பா பென்சன் எடுத்த பிறகு வந்த முதல் ஒக்டோபரில் ஒன்பது மணிக்கே லைற் நின்றது. "இப்ப ஏன் இவ்வளவு சூடு?" என்று ஹைட்சுங்கையும் அவரே குறைத்தார். டிசம்பரில் செடி நிறைய மொட்டு. அம்மா சொன்னது இவ்வளவுதான்: "இதுக்கும் அப்பா வீட்டில இருக்கவேணும் போல."

உங்கள் வீட்டில் இப்படிச் செய்து பாருங்கள். செப்டெம்பர் கடைசியில் இருந்து ஆறு முதல் எட்டு வாரம், மாலை ஆறு மணியில் இருந்து காலை எட்டு மணி வரை லைற் படாத அறையில் வையுங்கள். 12 முதல் 15 பாகை குளிர் நல்லது. பகலில் சன்னல் வெளிச்சம் வேண்டும், சுள்ளென்ற வெயில் வேண்டாம். மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். மொட்டு வந்ததும் இடம் மாற்றாதீர்கள், கொட்டிவிடும்.

பூ முடிந்து, இளவேனில் வந்ததும் இரண்டு மூன்று கணுத் தண்டைத் திருகி எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, மண்ணில் நடலாம். எங்கள் வீட்டில் இப்போது அம்மாவின் செடியில் இருந்து வந்த ஒரு சட்டி நிற்கிறது. ஒக்டோபரில் அந்த அறை லைற்றைப் போடக் கூடாது என்று மகள் கதவில் டொச்சில் எழுதி ஒட்டியிருக்கிறாள். கீழே தமிழிலும் ஒரு வரி: "பூ நித்திரை."