அம்மாவின் முறுக்கும் அலுமினியத் தாளும்

தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்பது எங்கள் சுங்கை லாலாங்கில் புதிதல்ல. சிவப்பு மூடி போட்ட போத்தலில் அடைத்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுப்பார்கள். அம்மாவும் அப்படித்தான் செய்து வந்தார். சென்ற ஆண்டு கோலாலம்பூருக்கு அனுப்பிய முப்பது போத்தல்களும் நமுத்துப் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். என் விடுதிக் கட்டணமே அந்த முறுக்கிலிருந்துதான் வருகிறது!

மாத்திரைப் போத்தலைத் திறந்தால் வாயில் ஒரு வெள்ளித்தாள் ஒட்டியிருக்குமே, அதுதான் தீர்வு என்று பட்டது. 1982-இல் சிக்காகோவில் டைலனால் மாத்திரையில் யாரோ சயனைடு கலந்ததில் ஏழு பேர் இறந்தனர். அதன் பிறகே பிரித்தால் தெரியும்படியான காப்பு அமெரிக்காவில் கடை மருந்துகளுக்குக் கட்டாயமாயிற்று.

"தீயில்லாம எப்படி பாப்பா ஒட்டும்?" என்றார் அம்மா. இடைநிலைப்பள்ளியில் 'ஆருஸ் பூசார்' என்று மலாயில் படித்ததைத் தமிழில் சொல்லத் திணறினேன். இயந்திரத்தின் காந்தப்புலம் மூடிக்குள் இருக்கும் அலுமினியத் தாளில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்கும். தாள் சூடாகி, அதன் அடியிலுள்ள நெகிழிப் படலம் உருகிப் போத்தலின் வாயோடு ஒட்டிவிடும். அதனால்தான் உலோக மூடி ஆகாது. "அப்போ வளையலைக் கழட்டணும்" என்றார் அம்மா உடனே. கையேட்டிலும் அந்த எச்சரிக்கை இருந்தது.

விற்பனையாளர்கள் எல்லாரும் வாட் கணக்கையே பேசினார்கள். நானோ அளவுகோலை எடுத்தேன். எங்கள் போத்தலின் வாய் 11 செ.மீ. நாங்கள் பார்த்த கையடக்க இயந்திரங்களோ 10 செ.மீ. வரைதான். பட்டை ஓடும் பெரிய இயந்திரம் தொழிற்சாலைக்கானது. பருவத்திற்கு முந்நூறு போத்தலுக்கு அது எதற்கு? ஆக, போத்தலை மாற்றினோம்: 8 செ.மீ. வாய், இறுக்கித் திருகும் மூடி. அழுத்தம் இல்லாவிட்டால் தாள் ஒட்டாது. போத்தலின் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்றிருந்தது, பெட் நெகிழி. அதற்குரிய தாளையே கேட்டு வாங்கினோம். வேறு நெகிழிக்கான தாள் சரியாகப் பிடிக்காது.

குறுகிய வாய்க்குள் பழைய முறுக்கு நுழையவில்லை. அம்மா இரண்டு நாள் முணுமுணுத்துவிட்டு, ஒரு சுற்றைக் குறைத்துப் பிழிந்தார். நன்றாக ஆறிய பிறகே அடைத்தார். சூட்டோடு அடைத்தால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். இதை எனக்குச் சொன்னவர் அவர்தான்.

ஒட்டிய போத்தலைத் தண்ணீர் வாளியில் அமுக்கிப் பார்த்தோம். குமிழி வரவில்லை. இன்னொன்றை மூன்று வாரம் அலமாரியில் வைத்தோம். அம்மா தினமும் அதைக் குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டார். பிரித்தபோது முறுக்கு 'நொறுக்'கென்று உடைந்தது. கோலாலம்பூருக்கு மீண்டும் அனுப்பச் சம்மதித்தார். இம்முறை முன்பணம் வாங்கிக்கொண்டு.