நுனி வேர்

போன சித்திரையில் ஒரு நர்சரியில் வாங்கி வைத்த ஆறு மல்லிகைக் கன்றுகளும் பத்து நாளில் கருகிவிட்டன. "கன்னு பிறக்கிற ஊருக்கே போய்ப் பார்" என்று நண்பர் தங்கச்சிமடத்துக்கு அனுப்பினார். பாம்பன் பாலம் தாண்டி ராமேசுவரம் போகும் வழியில் இருக்கிற ஊர். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியின் தாய்வீடு இந்தக் கடற்கரை மணல்தான். இங்கே வேர்விட்ட கன்றுதான் மதுரைப் பக்கத்துத் தோட்டங்களில் பூக்கிறது.

தென்னை நிழலில் மணல் பாத்தி. வயதான ஓர் அம்மா குத்தவைத்து உட்கார்ந்து கன்று எடுத்துக்கொண்டிருந்தார். பிடுங்கவில்லை. தண்ணீர் விட்டு இளகிய மணலுக்குள் விரல்களை நுழைத்து, அடியோடு ஏந்தித் தூக்கினார்.

"இழுத்தா நுனி வேரு அத்துரும் தம்பி. முடி மாதிரி இருக்கு பாருங்க, அதுதான் தண்ணி குடிக்கும்."

அந்த வேர் அறுந்தாலும் இலை தன் ஈரத்தை வெயிலுக்கு விட்டுக்கொண்டேதான் இருக்கும். என் கன்றுகள் செத்த காரணம் அங்கேதான் புரிந்தது.

"சித்திரையில எந்தச் செடி ஊரு மாறும்? ஆனியில இருந்து ஐப்பசிக்குள்ள வச்சிரணும். சாயங்காலமா வைங்க."

ஓரடிக் குழி, மக்கிய தொழுவுரமும் செம்மண்ணும் கலந்து நிரப்ப வேண்டும். செடிக்குச் செடி நாலடி. பாத்தியில் எந்த மட்டம் வரை மண் இருந்ததோ அதே மட்டம்தான் குழியிலும். வளர்ந்த செடியை இடம் மாற்றுவதென்றால், முதலில் கிளைகளை முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிட்டு, வேரைச் சுற்றிய மண்ணோடு பெயர்க்கச் சொன்னார். புதுத் தளிரில்தான் பூ வரும் என்பதால் வெட்டுவதற்குத் தயங்கவே கூடாதாம்.

பாவாடை கட்டிய வயதில் இந்த வேலைக்கு வந்தவர். ஊற்றில் குடத்தை முக்கி, பாத்தி பாத்தியாய் நடந்தே ஊற்றியிருக்கிறார். இடுப்பில் குடம் உட்கார்ந்த இடம் காய்த்துப்போயிருக்கிறது. இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்ததும் இந்தக் குடத்தால்தான். எடுத்த கன்றுகளை எண்ணி, வேரில் ஈரச் சாக்கைச் சுற்றுகிறார். எண்ணிக்கைக்குத்தான் கூலி. அதன்பிறகு அது வியாபாரியின் சரக்கு. ஒவ்வொரு கை மாறும்போதும் விலை ஏறுகிறது, வேர் காய்கிறது. மாதக்கணக்கில் தண்ணீர் சுமந்தவருக்கு அந்த ஏற்றத்தில் ஒரு காசும் இல்லை. காய்ந்ததை விற்றவனுக்கும் நட்டம் இல்லை. நட்டமெல்லாம் சுமந்தவருக்கும் நட்டவருக்கும்தான். இது அநியாயம்.

வருகிற ஐப்பசிக்குள் மல்லிகை வைக்க நினைக்கிறவர்கள், முடிந்தால் பாத்தி போட்டு வளர்க்கிறவர்களிடமே நேரில் போய் வாங்குங்கள். சாக்கைப் பிரித்து, வேரில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.