நன்றியும் ஒப்பந்தமும்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரம், கல்முனைக் கரையோரத்தில் எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயற்குழு கூடிற்று. பெருநாள் சுற்றுப்போட்டிக்குப் பதினொருவரைத் தெரிவதே அன்றைய அலுவல். பத்துப் பெயர்கள் பத்து நிமிடத்தில் எழுதப்பட்டன. பதினோராவது பெயரில் விவாதம் மூண்டது. ஒருபுறம், பதினெட்டு ஆண்டுகளாகக் கழகத்தைத் தோளிற் சுமந்த மூத்த வீரர். நாங்கள் 'காக்கா' என்றே அவரை அழைப்போம். எனக்கு மட்டை பிடிக்கக் கற்பித்தவரும் அவரே. மறுபுறம், இரண்டாண்டுகளாக எல்லைக்கோட்டின் அருகே பந்து பொறுக்கிக் காத்திருந்த இளைஞன். என் கை காக்காவுக்காக உயர்ந்தது. ஒரு வாக்கினால் அவர் தெரிவானார். பெருநாள் கழிந்த மறுமாதம், அவ்விளைஞன் அயலூர்க் கழகமொன்றிற் சேர்ந்துவிட்டான்.

நான் செய்தது நன்றியா, அநீதியா என்ற வினா அன்றிலிருந்து என்னை விட்டகலவில்லை.

எங்கள் கழகத்தில் ஒப்பந்தப் பத்திரம் எதுவுமில்லை, வாய்ச்சொல்லே ஒப்பந்தம். ஆயினும் கோடிகள் புரளும் சென்னை சுப்பர் கிங்ஸ் அணியும் இதே வினாவின் முன் நின்றது. மகேந்திரசிங் தோனியின் தலைமையில் அவ்வணி 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து முறை ஐபிஎல் கிண்ணத்தை வென்றது. அவர் இந்தியாவுக்காக இறுதியாக ஆடியது 2019 யூலையில். ஐந்தாண்டுகள் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்திய வீரரை, சர்வதேச ஆட்டமே ஆடாதவர்களின் வரிசையிற் சேர்க்கலாம் என்னும் பழைய விதி 2025 பருவத்துக்கென மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2022இல் 12 கோடி இந்திய ரூபாவுக்குத் தக்கவைக்கப்பட்டவர், இவ்விதியால் 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 43.

நான்கு கோடி மலிவன்றோ என்பர் சிலர். சேப்பாக்கம் மைதானம் மஞ்சள் நிறத்தால் நிரம்புவது அவர் ஒருவருக்காகவே என்பர் வேறு சிலர். இரண்டும் மெய்யே. ஆனால் ஒப்பந்தத்தின் உண்மை விலை பணமன்று; பதினொருவருள் ஓர் இடம். 2025 மார்ச் 28ஆம் நாள், அதே சேப்பாக்கத்தில் பெங்களூர் அணிக்கெதிராக 197 ஓட்டங்களைத் துரத்திய ஆட்டத்தில், தோனி ஒன்பதாவதாகவே களமிறங்கினார். சென்னை 50 ஓட்டங்களால் தோற்றது. ஏப்ரிலில் லக்னோவில் 11 பந்துகளில் 26 ஓட்டங்கள் எடுத்து வெற்றி தேடித் தந்தவரும் அவரே. ஆயினும் பருவம் முடிந்தபோது 14 ஆட்டங்களில் 4 வெற்றிகளுடன் சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் நின்றது. அப்பழி முழுவதையும் ஒருவர் மீது சுமத்துதல் முறையன்று. துடுப்பாட்ட வரிசை முழுவதுமே தளர்ந்திருந்தது. எனினும் ஒன்று சிந்திக்கத்தக்கது. அப்பருவத்தில் பெங்களூருக்கெதிராக 94 ஓட்டங்கள் குவித்த 17 வயது ஆயுஷ் மாத்ரே, அணித்தலைவர் ருதுராஜ் காயமுற்றதனாலேயே அணிக்குள் வந்தவர். விபத்துத்தான் அவருக்குக் கதவைத் திறந்தது. பின்னர் 2026 பருவத்துக்கும் தோனி தக்கவைக்கப்பட்டார். ஜடேஜா ராஜஸ்தானுக்கு மாற்றப்பட்டார். நம் நாட்டு மதீஷ பத்திரண விடுவிக்கப்பட்டார்.

இவ்விடத்தில் முத்தையா முரளிதரனை நினையாதிருக்க முடியவில்லை. 2010 யூலையில் இந்தியாவுக்கெதிரான காலி டெஸ்ட் ஆட்டமே தமது இறுதி டெஸ்ட் என அவர் முன்கூட்டியே அறிவித்தார். 800 விக்கெட்டுகளுக்கு அவருக்கு எட்டு விக்கெட்டுகள் தேவைப்பட்டன. தொடரில் மேலும் இரண்டு ஆட்டங்கள் இருந்தன. எட்டும் கிட்டாது போயிருப்பினும் அவர் சொல் மாறியிராது. கிட்டியது; அதுவும் இறுதி விக்கெட்டாகக் கிட்டியது. தம் ஒப்பந்தத்தைத் தாமே முடித்துக்கொண்ட வீரர், பிறர்க்கு இத்தகைய சங்கடத்தை விட்டுச் செல்வதில்லை.

வள்ளுவர் 'செய்ந்நன்றி அறிதல்' என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்தார். இவ்வினைக்கு இவன் தக்கவன் எனத் தெரிந்து ஒப்படைப்பதைக் கூறும் 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தைப் பொருட்பாலில் வைத்தார். நன்றி ஒருபோதும் காலாவதியாகாத கடன். ஒப்பந்தமோ நாளை ஆடப்போகும் ஆட்டத்துக்கானது. முன்னதைப் பின்னதன் கணக்கிற் செலுத்தும்போது, அக்கடனை உண்மையில் அடைப்பவன், எல்லைக்கோட்டருகே காத்திருக்கும் இளைஞன். கொடுத்தது நாமாகவும் இழந்தது அவனாகவும் இருப்பின், அதனை நன்றி என்று எங்ஙனம் சொல்வது?

எங்கள் கடற்கரையில் கரைவலை இழுபடும் விடியற்காலைகளை நான் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். ஒருகாலத்தில் தோணி வலித்து அலை கடந்தவர், முதுமையில் கரையில் நின்று கயிறு பிடிக்கிறார். அவர் சொல்லுக்குத் தோணியிலுள்ளோர் செவிசாய்க்கின்றனர். அவரை எவரும் அவமதிப்பதில்லை; துடுப்பை அவர் கையில் திணிப்பதுமில்லை.

அடுத்த செயற்குழுவில் என் கை இளைஞர் பக்கமே உயரும். ஆனால் அதற்கு முன், அஸர் தொழுகை முடிந்து வரும் காக்காவைப் பள்ளிவாசல் வாயிலில் சந்தித்து, நானே அவரிடம் இதனைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளைப் பயிற்றும் பொறுப்பை ஏற்குமாறும் கேட்க வேண்டும். கையுயர்த்துவது எளிது. அவர் முகம் பார்த்துச் சொல்வதே நான் அவருக்குப் பட்டிருக்கும் கடன்.